எல்பிடி1-ஐத் தேடும் நிரல்: நான்கு ஆண்டு அச்சு அனுபவம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் உள்ள என் மாமாவின் மளிகைக் கடையில் இன்றும் பில் போடுவது 1990களில் எழுதப்பட்ட டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) நிரல்தான். புதியது வாங்கலாம் என்றால், “இது ஒரு காசு தவறவிட்டதில்லையே” என்பார். பொருள் சேவை வரி 2023இல் 8, 2024இல் 9 விழுக்காடு என ஏறியபோதும் ஓர் எண்ணை மாற்றியதோடு வேலை முடிந்தது.

பழைய கணினி படுத்துவிட்டபோதுதான் சங்கடம் தொடங்கியது. 64-பிட் விண்டோஸில் 16-பிட் டாஸ் நிரல்கள் ஓடா. பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான, இலவசமாகக் கிடைக்கும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் வழியாக ஓட்டினேன். நிரல் ஓடியது, அச்சு வரவில்லை. அதற்குத் தெரிந்த ஒரே வாசல் எல்பிடி1, அதாவது பழைய கணினிகளில் அச்சுப்பொறியைச் செருகும் துளை. புதிய கணினியில் அந்தத் துளையே இல்லை. யுஎஸ்பி மாற்றுக் கம்பி வாங்கியது வெறும் தண்டம். பழைய நிரல் எழுத்துகளை ஒவ்வொன்றாக அனுப்பும், ஊசிகளால் குத்தி அச்சிடும் பழைய டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி அவற்றை அப்படியே குத்தித் தள்ளும். மலிவான லேசர் அச்சுப்பொறிகள் பலவற்றுக்கோ எழுத்தே தெரியாது. அச்சுப்பொறியை இயக்க விண்டோஸில் நிறுவும் டிரைவர் மென்பொருள்தான் பக்கத்தைப் படமாக வரைந்து கொடுக்க வேண்டும்.

டாஸ்பாக்ஸ்-எக்ஸுக்குள் ஒரு பொய் அச்சுப்பொறி இருக்கிறது. எல்பிடி1க்கு வருவதை வாங்கி, டாட் மேட்ரிக்ஸுக்கான எப்சன் கட்டளைகளைப் புரிந்துகொண்டு, பக்கமாக வரைந்து விண்டோஸிடம் ஒப்படைத்துவிடும். அதை இயக்கிய பிறகும் முதல் வாரம் கூத்துதான். தொடர்தாளுக்காக எழுதிய நிரல், பில் முடிந்ததும் ‘பக்கத்தைத் தள்ளு’ என்னும் 12ஆம் குறியீட்டை அனுப்புவதில்லை. வாடிக்கையாளர் காத்து நிற்பார், தாள் வராது. அடுத்தவர் பில்லோடு சேர்ந்து ஒரே தாளில் இருவர் கணக்கும் வரும். சிறிது நேரம் எதுவும் வராவிட்டால் தாளைத் தள்ளிவிடும் ‘டைம்அவுட்’ அமைப்பே மருந்து. அரை நொடி வைத்தேன். மாதக் கடைசி அறிக்கையில் நிரல் கூட்டிப் பார்க்க நின்ற இடத்திலெல்லாம் தாள் பாதியில் அறுந்து வந்தது. 4000 மில்லிநொடி என மாற்றினேன், இன்றுவரை அதுவே.

எழுத்துருவும் சம அகலத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விலைகள் நேர்க்கோட்டில் நிற்கா. ஒரு தீபாவளிக் கூட்டத்தில் பில்களெல்லாம் பிடிஎஃப் கோப்புகளாகிவிட்டன. பிடிஎஃப்பாகச் சேமிப்பதையும் ஓர் அச்சுப்பொறியாகவே கருதும் விண்டோஸில், கடைசியாகப் பயன்படுத்திய அச்சுப்பொறியையே இயல்பாக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதை அன்றே நிறுத்தினேன்.

தீராத குறை கார்பன் நகல். முன்பு ஒரே குத்தில் இரண்டு பிரதி கிடைக்கும். வரிக் கணக்குகளை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் டிரைவரில் பிரதி இரண்டு என வைத்திருக்கிறேன். டோனர் வாங்கும்போதெல்லாம் மாமா என்னைத்தான் பார்க்கிறார்.