வாரம் 40 மணி நேரம், மூடின கதவு: ஒரு தெரபி சென்டர்ல நாங்க ஏமாந்தது

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். நேத்து ஒரு அம்மா, "ஒரு வருஷ பேக்கேஜ், மொத்தமா கட்டினா டிஸ்கவுன்ட் தர்றாங்க, கட்டட்டுமா"ன்னு மெசேஜ் பண்ணாங்க, அதுக்கப்புறம் தூக்கமே வரல, அதான் உக்காந்து எழுதுறேன். சென்டர் பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

எங்க பையனுக்கு மூணு வயசு முடியுற சமயத்துல ஆட்டிசம்னு உறுதியாச்சு. பேச்சு கிடையாது, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான், சந்தோஷம் வந்தா ரெண்டு கையையும் படபடன்னு அடிச்சுக்குவான். அந்த நேரத்துல எவன் வந்து என்ன சொன்னாலும் நம்புற நெலமைல தான் நாங்க இருந்தோம், அது அவங்களுக்கும் நல்லாத் தெரிஞ்சிருக்கு. ஏபிஏ தெரபி, அதாவது நல்லா செஞ்சா பரிசு, பாராட்டுன்னு குடுத்து நடத்தையப் பழக்குற பிஹேவியர் தெரபி, வாரம் 40 மணி நேரம், ஆறே மாசத்துல பேச்சு வந்துடும், இப்ப விட்டுட்டீங்கன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. கூடவே ஒரு சார்ட்டைக் காட்டி, 1987ல லோவாஸ்னு ஒரு ப்ரொஃபசர் பண்ண ஆராய்ச்சி, 47 பர்சன்ட் குழந்தைங்க நார்மல் ஆயிட்டாங்கன்னு சொன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டோம், அவ்வளவுதான், கையெழுத்துப் போட்டுட்டோம்.

முதல் நாளே உள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க. அம்மா இருந்தா குழந்தை ஒத்துழைக்காதாம். கண்ணாடி வழியா பார்க்கலாமான்னு கேட்டேன், கேமரா இருக்கான்னு கேட்டேன், மத்த குழந்தைங்களோட ப்ரைவசின்னு ஒரே பதில். சரி, அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுதுன்னு வாசல்லயே உக்காந்தேன். என் முட்டாள்தனம் அங்கதான் ஆரம்பிச்சது.

மாசா மாசம் கிராஃப் வரும், கோடு ஏறிட்டே போகும். கண்ணைப் பார்க்குறது 80 பர்சன்ட், சொன்னதும் உக்கார்றது 90, கை அடிக்கிறது கிட்டத்தட்ட சைபர். எனக்கு அப்ப அவ்வளவு பெருமை, சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பினேன். வீட்ல ஒரு நாள் அவனுக்குப் பிடிச்ச பாட்டு ஓடுது, மூஞ்சில சிரிப்பு வருது, கை ரெண்டும் மேல எழும்புது, உடனே டக்குன்னு ரெண்டு கையையும் தொடைக்கு அடில வச்சு அது மேல உக்காந்துட்டு என்னைப் பயந்து பயந்து பார்க்குறான். நாலு வயசுக் குழந்தைங்க. சந்தோஷப்பட்டதுக்கு அடி விழுமோன்னு பார்க்குற மாதிரி ஒரு பார்வை. அதுக்கப்புறம் ராத்திரி எழுந்து அழுறது, சென்டர் இருக்குற தெரு திரும்பினாலே வாந்தி எடுக்குறது. கேட்டா, நடத்தைய மாத்தும்போது முதல்ல கொஞ்சம் மோசமாகித்தான் அப்புறம் சரியாகும்ன்னாங்க. அப்படி நடக்குறது உண்டுதான், அழுதா கிடைச்சுட்டு இருந்த கவனத்தைத் திடீர்னு நிறுத்தினா அழுகை கொஞ்ச நாள் கூடும். ஆனா பல வாரமா தூங்காம வாந்தி எடுக்குறதுக்கும் அதே பதிலா?

அவங்க மாட்டினது எப்படின்னா, ஒவ்வொரு செஷனோட ஷீட்டையும் எழுத்து மூலமா கேட்டு வாங்கினேன். இழுத்தடிச்சுத்தான் குடுத்தாங்க. நடுவுல காய்ச்சல் வந்து மூணு நாள் அவன் வீட்ல படுத்திருந்தான், அந்த மூணு நாளுக்கும் ஷீட் இருக்கு, மார்க்கும் இருக்கு! ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்ட சீனியர் தெரபிஸ்ட் எம் பையனை ஒரு தடவை கூட நேர்ல பார்த்ததில்ல. தெனமும் கூட இருந்த பொண்ணுக்கு சில நாள் ட்ரெய்னிங்தான், பாவம் அதுவும் சின்னப் பொண்ணு, அதைத் திட்டி என்ன ஆகப்போகுது. குழந்தையோட நேரடியா உக்கார்றவங்களுக்கு அமெரிக்க போர்டு ஒண்ணு குடுக்குற, ஆர்பிடின்னு சொல்ற டெக்னீஷியன் சர்டிஃபிகேட்டுக்கே 40 மணி நேரப் பயிற்சி, செஞ்சு காட்டுற டெஸ்ட், பரிட்சை எல்லாம் உண்டு, அதுக்கு மேலயும் அவங்க வேலை பார்க்குற நேரத்துல குறைஞ்சது 5 பர்சன்ட்டாவது தகுதியான சூப்பர்வைசர் மேற்பார்வை இருக்கணும்னு விதி. இங்க அது எதுவும் இல்ல.

அப்புறம்தான் நானே படிக்க ஆரம்பிச்சேன், முன்னாடியே செஞ்சிருக்கணும். அந்த 47 பர்சன்ட்ங்கறது 19 குழந்தைங்கள்ல 9 பேர். எந்தக் குழந்தைக்கு எந்த தெரபின்னு குலுக்கல் முறைல பிரிக்கவே இல்ல, அதோட சத்தம் போட்டு அதட்டுறதும் தொடைல அடிக்கிறதும் கூட அந்த முறைல இருந்துச்சு. சார்ட்ல இதெல்லாம் எங்க போட்டாங்க? காக்ரேன்னு, மருத்துவ ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்து அலசுற ஒரு அமைப்பு இருக்கு, அவங்க 2018 ரிவ்யூ, சின்ன வயசுல தீவிரமா குடுக்குற இந்த வகை தெரபிய அலசினப்ப கையில சிக்கினதே 5 ஆராய்ச்சி, 219 குழந்தைங்கதான். அன்றாட வேலைகள்ல, பேச்சுல முன்னேற்றம் தெரியுது, ஆனா ஆதாரம் பலவீனம்னு சொல்லுது. 2024ல வந்த ஒரு பெரிய அலசல்ல, மணி நேரம் கூடக் கூட பலனும் கூடுதுன்னு காட்ட முடியல. அப்புறம் எதுக்கு எல்லாருக்கும் ஒரே அளவா 40? அந்த மணி நேரம் அவன் விளையாட்டுல இருந்தும் தூக்கத்துல இருந்தும்தானே போச்சு. இன்னொரு விஷயம் படிச்சு அதிர்ந்தே போயிட்டேன், சின்னக் குழந்தைங்க தெரபி ஆராய்ச்சிகள்ல பெரும்பாலானதுல, இதனால குழந்தைக்குக் கெடுதல் ஏதாவது வந்துச்சான்னு ஒரு வரி கூட எழுதல. வளர்ந்த ஆட்டிசம் உள்ளவங்க பல பேர், எங்களை எங்க மாதிரி இருக்கவே விடலன்னு சொல்றதைக் கேட்டா நெஞ்சு அடைக்குது.

இதைப் படிச்சுட்டு பிஹேவியர் தெரபியே வேண்டாம்னு முடிவு பண்ணிடாதீங்க, நான் சொல்ல வந்தது அது இல்ல. இப்ப அவனுக்கு வர்ற தெரபிஸ்ட்டும் அதே படிப்புதான் படிச்சவங்க. தரைல உக்காந்து அவன் விளையாடுறதுல இருந்தே ஆரம்பிக்கிறாங்க, நான் கூடவே இருக்கேன், அவன் எழுந்து போனா விட்டுடுறாங்க. டாய்லெட் போறதை சின்னச் சின்ன ஸ்டெப்பா பிரிச்சு அவங்கதான் பழக்கினாங்க, நாங்க தலைகீழா நின்னும் முடியாதது. தலைய செவத்துல முட்டிக்குவான், அது எப்ப நடக்குது, அதுக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு ரெண்டு வாரம் எழுதிப் பார்த்ததுல மிக்ஸி சத்தம்தான் காரணம்னு புரிஞ்சது. போதும்னு காட்ட ஒரு படக் கார்டு குடுத்தாங்க, இப்ப அதை எடுத்து நீட்டுறான், முட்டிக்கிறது நல்லாவே குறைஞ்சிடுச்சு. பழைய இடத்துல கார்டு குடுத்தா சோம்பேறி ஆகி பேசவே மாட்டான்னாங்க, அது தப்பு, கார்டோ டேப்லெட்டோ பேச்சைத் தடுக்காது. கை அடிக்கிறதைப் பத்திக் கேட்டேன், "யாருக்கு என்ன கஷ்டம், அடிச்சுக்கட்டும்"ன்னாங்க.

அதனால அந்த அம்மாகிட்ட சொன்னதையே இங்கயும் எழுதுறேன். சொல்லாம கொள்ளாம ஒரு நாள் உள்ள வந்து பார்க்கலாமான்னு கேளுங்க, முகம் மாறுச்சுன்னா கெளம்பிடுங்க. குழந்தை அழுதா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. இந்த இலக்கு குழந்தைக்கா, இல்ல பார்க்குறவங்களுக்கான்னு ஒவ்வொண்ணுக்கும் கேளுங்க, எங்க லிஸ்ட்ல பாதி ரெண்டாவது ரகம். குணமாக்கிடுறோம்னு சொன்னா அங்கயே எழுந்துடுங்க, ஆட்டிசம் குணமாகுற வியாதி இல்ல. மொத்தமா மட்டும் கட்டாதீங்க. நாங்க பாதில நிறுத்தினதுக்கு மீதிப் பணம் இன்னும் வரல, கேட்டா பேக்கேஜ்ல ரீஃபண்ட் கெடையாதுன்னு நாங்க படிக்காம கையெழுத்துப் போட்ட பேப்பரையே காட்டுறாங்க. அந்தக் காய்ச்சல் நாள் ஷீட்டையும் டாக்டர் சீட்டையும் வச்சு கன்ஸ்யூமர் கோர்ட்ல போடலாமான்னு வக்கீல்கிட்ட கேட்டிருக்கோம்.