அப்பத்தாவுடன் ‘96’

காரைக்குடியில் ஒரு பழைய தியேட்டரில் ‘96’ படத்தை மறுபடி போட்டார்கள், கானாடுகாத்தானிலிருந்து அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு மதிய ஆட்டத்துக்குப் போனேன். ஏசி இடைவேளையோடு சரி. சீட் பரவாயில்லை.

ஆனால் சவுண்ட் அருமை! இருட்டில் நாயகி ஜானு பாடத் தொடங்கியதும் விசில் அடித்துக்கொண்டிருந்த பையன்கள்கூட அடங்கிவிட்டார்கள். 2018இல் பார்த்தபோது எனக்கு இது இழுவை. இப்போது என்னவென்றால், முத்தம்கூட இல்லாமல் ஒரு ராத்திரி முழுக்கப் பேசியே இவ்வளவு நெருக்கத்தைக் காட்ட முடிகிறதே, அப்புறம் ஏன் நம் ஹீரோக்களில் பாதிப் பேர் வேண்டாம் என்ற பெண்ணை விரட்டிக்கொண்டே திரிகிறார்கள் என்று எரிச்சல் வந்தது. அந்தக் காலத்தில் இரண்டு பூவை முட்டவிட்டுத் தப்பித்தார்கள், அது வேறு கூத்து.

அப்பத்தா முறுக்கைக் கடித்தபடி சொன்னார்: “உங்க ஐயா பினாங்குல இருந்து மூணு வருசம் கழிச்சு வந்தாக. வளவுல, வீட்டு முற்றத்துல, அத்தனை பேரும் நிக்கிறாக. ‘சாப்பிட்டியா’ன்னு மட்டும் கேட்டாக. எனக்குக் கை நடுங்கிருச்சு.”

டிக்கெட் காசு அதற்கே சரியாகிவிட்டது. போகிறவர்கள் கையோடு ஒரு விசிறி எடுத்துப் போங்கள்.