மாராவா, செரெங்கெட்டியா? முதலில் மாதத்தைச் சொல்லுங்கள்

"மே லீவுக்குக் கென்யா போறோம்ணா, மைக்ரேஷன் பார்க்க" என்று என் சித்தப்பா மகன் போன வருடம் போனில் சொன்னான். ஏஜெண்டிடம் முன்பணமும் கட்டியாகிவிட்டது. மே மாதம் மசாய் மாராவில் சிங்கம் இருக்கும், யானை இருக்கும், மழை பெய்து புல் முழங்காலுக்கு மேல் நிற்கும். மழையைத் தேடி இடம் மாறுகிற, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வைல்டபீஸ்ட் மான்களின் பெருங்கூட்டம் மட்டும் இருக்காது. அது அப்போது தெற்கே தான்சானியாவுக்குள் நடந்துகொண்டிருக்கும். நல்லவேளையாக அவனால் தேதியை மாற்ற முடிந்தது.

இந்தப் பயணத்தை யோசிக்கிற எல்லோரும் முதலில் கேட்பது, "மாரா நல்லதா, செரெங்கெட்டி நல்லதா?" என்றுதான். இரண்டும் ஒரே புல்வெளி, கென்யா பக்கம் மாரா, தான்சானியா பக்கம் செரெங்கெட்டி. நடுவில் கென்யா, தான்சானியா எல்லைக்கோடு ஓடுகிறது, அவ்வளவுதான். அந்தக் கோடு விலங்குகளுக்குத் தெரியாது. மழை எங்கே பெய்து புல் முளைக்கிறதோ, அங்கே போகின்றன. மாட்டுத் தலையும் ஆட்டுத் தாடியும் குதிரை வாலுமாக இருக்கிற வைல்டபீஸ்ட், கூடவே ஏறத்தாழ இரண்டு லட்சம் வரிக்குதிரைகள், லட்சக்கணக்கில் சிறு கெஸல் மான்கள். வருடம் முழுக்க இவை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே நீங்கள் உண்மையில் ஒப்பிட வேண்டியது நாடுகளை அல்ல. மாரா நதியைக் கூட்டம் கடக்கும் ஆகஸ்டையும், தெற்குச் சமவெளியில் குட்டி போடும் பிப்ரவரியையும்தான். இரண்டையும் நேரில் பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் பிப்ரவரிக்குப் போங்கள்.

ஆனால் நம் ஆட்கள் பெரும்பாலும் கேட்பது நதியைத்தான். டிவியில் எல்லோரும் பார்த்தது அதுதானே. அந்தப் புல்வெளிப் பகுதியில் வருடம் முழுக்க வற்றாமல் ஓடுகிற ஒரே ஆறு மாரா. தெற்கே தண்ணீர் வற்றிப்போவதால் ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை கூட்டம் அதைச் சுற்றியே இருக்கிறது. ஒருமுறை கடந்தால் முடிந்தது என்று இல்லை. இந்தப் பக்கம் மழை பெய்தால் இங்கே, அந்தப் பக்கம் பெய்தால் அங்கே என்று ஒரே மாதத்தில் பல முறை கடக்கும். எப்போது கடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் வண்டி ஒரு மேட்டில் காலை 9 மணிக்கு நின்றது. கூட்டம் கரைக்கு வந்தது. முன்னால் நின்ற வரிக்குதிரை தண்ணீரை மோந்து பார்த்தது, திரும்பியது. மொத்தக் கூட்டமும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பின்னால் ஓடியது. இப்படி நான்கு முறை. கையில் இருந்த பிஸ்கட் தீர்ந்து, வெயில் உச்சிக்கு ஏறி, "கிளம்பலாமா" என்று ஒருவர் கேட்டபோது ஒன்று குதித்தது. அப்புறம் நிறுத்தவே முடியாது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆறு முழுக்கத் தலைகள். எல்லாம் சேர்ந்து எழுப்பும் சத்தம் மழை ராத்திரியில் வயலில் தவளை கத்துமே, அதை ஆயிரம் மடங்கு கனமாக்கினாற்போல் இருந்தது. என் நெஞ்சில் அது அதிர்ந்தது.

முதலை பிடிப்பதை மட்டும் பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்றில் சாகிறவற்றில் முதலைக்குப் போவது சிறு பங்குதான். பெரும்பாலானவை நெரிசலிலும் வெள்ளத்திலும் மூழ்கிச் சாகின்றன. 2001 முதல் 2015 வரையான பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று, வருடத்துக்குச் சராசரியாக 6,250 வைல்டபீஸ்ட் இப்படி மூழ்குவதாகக் கணக்கிட்டது. கழுகும் நாரையும் மீனும் அவற்றைத் தின்கின்றன. எலும்புகள் பல வருடம் ஆற்றடியில் கிடந்து மெல்லக் கரைந்து தண்ணீருக்குச் சத்தாகின்றன. கடந்து முடிந்த இடத்துக்கு மறுநாள் போனால் நாற்றம் தாங்காது. அதையும் பாருங்கள். ஆறு அந்தச் சாவுகளாலும் உயிர்வாழ்கிறது.

சரி, இதே நதியை எந்தக் கரையில் இருந்து பார்ப்பது? இங்கேதான் மாரா, செரெங்கெட்டி என்ற கேள்விக்கு அர்த்தம் வருகிறது. மாரா காப்பகம் சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். செரெங்கெட்டி தேசியப் பூங்கா 14,763 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு. மாராவில் இடம் சிறியது, விடுதிகள் அதிகம். நைரோபியிலிருந்து சாலையில் ஐந்தாறு மணி நேரத்தில் போய்விடலாம், சிறு விமானத்தில் முக்கால் மணி நேரம். வசதிதான். ஆனால் அதனாலேயே ஆகஸ்டில் ஒரு கடவுத்துறைக்கு முன்னால் நாற்பது, ஐம்பது வண்டிகள் நிற்கும். நான் போனபோது ஒரு ஓட்டுநர், முன்வரிசை இடம் பிடிக்கிற வேகத்தில், கூட்டம் இறங்கி வரும் தடத்திலேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். முன்னால் வந்தவை மிரண்டு செங்குத்தான பக்கமாகத் திரும்பின. இரண்டு குட்டிகள் அந்தச் சரிவில் உருண்டதைப் பார்த்தேன். இன்னும் மனசு ஆறவில்லை. உங்கள் ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நாங்கள் பின்னால் நின்று பார்த்தாலும் பரவாயில்லை." நீங்கள் சொல்லாவிட்டால், நெருங்கிப் போனால்தான் விருந்தாளிக்குத் திருப்தி என்று அவராகவே நினைத்துக்கொள்வார்.

தான்சானியா பக்கம் இதே ஆறு கொகாடெண்டே, லாமாய் பகுதிகளில் ஓடுகிறது. அங்கே கூட்டம் அதேதான், வண்டிகள் குறைவு. போய்ச் சேருவதுதான் பாடு. அருஷா நகரிலிருந்து சாலையில் பூங்காவின் நடுவில் உள்ள செரோனெராவுக்கே ஏழெட்டு மணி நேரம் ஆகும். கொகாடெண்டே அதற்கும் வடக்கே. விமானத்தில் போனால்தான் சரிப்படும், அதற்குத் தனிப் பணம். பட்ஜெட் இருந்தால் நதிக்கு நான் சொல்வது கொகாடெண்டே. பட்ஜெட் இடித்தால் மாரா, ஆனால் காப்பகத்துக்கு வெளியே மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நடத்தும் 'கன்சர்வன்சி'களில் தங்கப் பாருங்கள். மாரா நார்த், ஓலாரே மோதோரோகி, நபோய்ஷோ போன்றவை. அங்கே ஒரு விலங்கைச் சுற்றி இத்தனை வண்டிகள்தான் என்று கட்டுப்பாடு உண்டு. காப்பகத்துக்குள் கிடைக்காத இரவுச் சவாரியும், வழிகாட்டியோடு நடந்து போய்ப் பார்ப்பதும் உண்டு. குத்தகைப் பணம் நிலத்துக்காரர்கள் கைக்குப் போகிறது. 1959-இல் செரெங்கெட்டியிலிருந்து மசாய் மக்கள் வெளியேற்றப்பட்டதை நினைத்தால், இந்த ஏற்பாடு எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இனி பிப்ரவரி.

செரெங்கெட்டியின் தென்கோடியில், ங்கோரோங்கோரோ மலைகளின் அடிவாரத்தில் எண்டுட்டு என்று ஓர் இடம். அங்கே புல் கணுக்கால் அளவுதான். எரிமலைச் சாம்பல் படிந்த மண், அதனால் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம், பாலூட்டும் தாய்க்குத் தேவையானது அதுதான். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை லட்சக்கணக்கான குட்டிகள் அங்கே பிறக்கின்றன. அதிலும் பெரும்பகுதி இரண்டு மூன்று வாரத்துக்குள். எல்லாம் ஒரே சமயத்தில் பிறப்பதில்தான் தப்பிக்கிற வழி இருக்கிறது. கழுதைப்புலியும் சிங்கமும் சிவிங்கிப்புலியும் எத்தனை தின்றாலும் மிச்சம் இருக்கும்.

நாங்கள் ஒரு தாயின் பக்கத்தில், முப்பது அடி தள்ளி, இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அது படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. வழிகாட்டி கையைக் காட்டி "போலே போலே" என்றார், மெதுவாக, பொறுங்கள் என்று. குட்டி ஈரமாக விழுந்தது. கோதுமை நிறம், முகம் மட்டும் கறுப்பு. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி எழப் பார்த்தது, பின்பக்கம் சரிந்தது. மறுபடி. மூன்றாம் முறை நாலு காலும் நாலு பக்கம் விரிந்து, மூக்கு மண்ணில் குத்தியது. தாய் நக்கிக்கொண்டே இருந்தது. ஏழாவது நிமிடம் நின்றுவிட்டது. அரை மணி நேரம் ஆவதற்குள் தாயின் வயிற்றை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. வண்டியில் இருந்த ஆறு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் அம்மாவுக்கு அப்போது 68 வயது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நம்ம வீட்டு லட்சுமி கன்னு போட்ட மாதிரியே இருக்குடா" என்றார்.

இதற்காகத்தான் பிப்ரவரி என்கிறேன். நதிக்கரையில் நாள் முழுக்கக் காத்திருந்தும் வெறுங்கையோடு திரும்பலாம். எண்டுட்டுவில் மழை சரியாகப் பெய்திருந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். சாலையை விட்டு இறங்கி ஓட்டவும் அனுமதி உண்டு, அந்தப் பகுதி ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால். எல்லை தாண்டி செரெங்கெட்டி பூங்காவுக்குள் நுழைந்துவிட்டால் அந்த அனுமதி கிடையாது. குறை என்று சொன்னால், மழை ஏமாற்றினால் கூட்டம் நகர்ந்துவிடும். பொங்கலை ஒட்டிப் போகிறவர்கள் கூட்டத்தைப் பார்க்கலாம், குட்டிகளுக்கு அது கொஞ்சம் முந்தியாகிவிடும். வேட்டையையும் மிக அருகில் பார்க்க வேண்டிவரும். பிறந்த குட்டியைக் கழுதைப்புலி தூக்குவதைப் பார்க்கப் பிள்ளைகள் தாங்குவார்களா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் மட்டும்தான் லீவு கிடைக்கும் என்பவர்களுக்கு, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான், மேற்கு செரெங்கெட்டியில் குருமேத்தி ஆறு இருக்கிறது. மாராவை விடச் சிறிய ஆறு, கூட்டமும் சிதறி வரும்.

செலவைப் பற்றிச் சொல்கிறேன். மாராவில் 2024-லிருந்து வெளிநாட்டுப் பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். அதுவும் காலை 6 முதல் மாலை 6 வரைதான் கணக்கு. செரெங்கெட்டியில் சீசனில் வரியோடு 80 டாலருக்குச் சற்று மேல், 24 மணி நேரத்துக்கு. குறைவு என்று தோன்றும், ஆனால் உள்ளே தங்குவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ங்கோரோங்கோரோ வழியாகப் போனால் அதற்கும் தனியாகக் கட்ட வேண்டும், தூரம் அதிகம் என்பதால் வண்டிச் செலவும் ஏறும். கூட்டிப் பார்த்தால் நாலு நாள் பயணத்துக்கு மாராதான் பெரும்பாலும் மலிவு. மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் இருப்பதும் கென்யாவுக்கு ஒரு சௌகரியம்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமே என்று வரைபடத்தைப் பார்த்ததும் ஆசை வரும். மாராவுக்கும் செரெங்கெட்டிக்கும் நடுவே சுற்றுலாப் பயணிகள் கடக்க வழி இல்லை. இசிபானியா சோதனைச்சாவடி வழியாகச் சுற்ற வேண்டும், ஒரு பகல் போய்விடும். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் செல்லும் கிழக்கு ஆப்பிரிக்க விசா தான்சானியாவுக்குச் செல்லாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம் கையில் இருக்கட்டும். கென்யா போய்த் திரும்பும்போது அது இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஏஜெண்டிடம் ஒன்றை மட்டும் எழுத்தில் வாங்குங்கள்: ஒவ்வொரு இரவும் தங்கும் முகாமின் பெயரும் அது இருக்கும் பகுதியும். "செரெங்கெட்டியில் மூன்று இரவு" என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆகஸ்டில் செரோனெராவில் படுத்தால் ஆற்றுக்குப் போக மட்டும் பல மணி நேரம் ஆகும். பிப்ரவரி என்றால் எண்டுட்டு, ஆகஸ்ட் என்றால் கொகாடெண்டே என்று பெயரோடு இருக்க வேண்டும். கூட்டத்தோடு இடம் மாறுகிற கூடார முகாம்களும் இருக்கின்றன. அவற்றிலும் உங்கள் தேதிக்கு அது எங்கே இருக்கும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

என் தம்பி கடைசியில் பிள்ளைகளின் காலாண்டு விடுமுறைக்கு, செப்டம்பர் கடைசியில், மாராவுக்குக் கிளம்பினான். கன்சர்வன்சியில் ஐந்து இரவு. முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை, எனக்குத்தான் இங்கே உட்கார்ந்துகொண்டு படபடப்பு. நாலாம் நாள் மதியம் வாட்ஸ்அப்பில் ஓர் ஒலிப்பதிவு வந்தது. போட்டோ இல்லை, எழுத்தும் இல்லை. நாற்பது வினாடி முழுக்க அந்தத் தவளைச் சத்தம், நடுவில் அவன் மகள் "அப்பா, அப்பா" என்று கூப்பிடுவது மட்டும் கேட்டது.