சில் பிளேட்டில் இருந்த கடைப்பெயர்: மூன்று வருடம் கழித்து

2022இல் ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கினேன். வண்டியில் குறை எதுவும் இல்லை. ஆனால் முதல் சொந்தக்காரர் போன அக்சஸரீஸ் கடைக்காரர், பளபளப்பான இடம் எல்லாவற்றிலும் தன் பெயரைப் போட்டு வைத்திருந்தார். நான்கு கதவிலும் எவர்சில்வர் சில் பிளேட் (கதவைத் திறந்து ஏறும் இடத்தில், கீழ் விளிம்பில் பதிக்கும் தகடு), சைலன்சர் முனை, டிக்கி மேலே குரோம் பட்டை. கதவைத் திறக்கும்போதெல்லாம் வேறு யாருடைய சீர்ப் பாத்திரத்திலோ கால் வைத்து ஏறுவது மாதிரி இருக்கும்.

சைலன்சர் முனைதான் சுலபம். கறுப்பு எழுத்து, நகத்தால் வருடினால் பள்ளமே தட்டவில்லை. லேசர் சூட்டில் மேல்தோல் மட்டும் நிறம் மாறியிருந்தது. 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (மிக நைசான உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மெட்டல் பாலிஷ் போட்டேன். அரை மணி நேரத்தில் பெயர் போய்விட்டது, இன்றுவரை சுவடு இல்லை.

அந்தத் தைரியத்தில் டிக்கி பட்டையில் கை வைத்தேன். அங்கே இருந்தது அச்சடித்த எழுத்து. பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுப் பொறுமையாகத் துடைத்திருந்தால் போதுமோ என்னவோ. நான் அதே பேப்பரை எடுத்தேன். பெயரோடு குரோமும் போய், அடியில் மஞ்சள் பூத்த நிக்கல் தெரிந்தது, அதற்கும் கீழே பிளாஸ்டிக். அலங்கார குரோம் பூச்சு ஒரு மைக்ரான் கூட இருக்காது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அதைத் திரும்ப மெருகேற்ற வழியே இல்லை. புதுப் பட்டை வாங்கி மாட்டினேன்.

சில் பிளேட்டில்தான் நிஜமான வேலை. எழுத்து அமிலத்தில் அரித்து, பள்ளத்தில் கறுப்புச் சாயம் நிரப்பியது. தின்னர் போட்டதும் சாயம் வந்துவிட்டது, எழுத்து போகவில்லை. வெயில் சாய்வாக விழுந்தால் முன்பைவிடத் தெளிவாகப் படிக்கலாம்! பள்ளத்தை நிரப்ப முடியாது, சுற்றியுள்ள உலோகத்தைத்தான் அதன் மட்டத்துக்கு இறக்க வேண்டும். சொரசொரப்பான 400 நம்பர் பேப்பரில் தொடங்கி 600, 800, 1200, 2000 என்று நைசாகப் போனேன். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய கீறல் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். நான் செய்த தப்பு, எழுத்து இருந்த இடத்தை மட்டும் தேய்த்தது. கண்ணாடி மாதிரி மெருகு வந்தது, ஆனால் நடுவில் குழி விழுந்து பிம்பம் நெளிந்தது. இரண்டாவது பிளேட்டைக் கழற்றி, பாத்திரம் பாலிஷ் போடும் பட்டறையில் கொடுத்தேன். பட்டறைக்காரர் பிளேட் முழுவதையும் பஃபிங் சக்கரத்தில் பச்சை பாலிஷ் கட்டி தொட்டு ஓட்டினார். எவர்சில்வர் தட்டில் வெட்டிய பெயரையே அழிப்பவருக்கு இது ஒன்றுமே இல்லை. மூன்றாவதையும் அவரிடமே விட்டேன்.

நீண்ட நாள் கணக்கு என்றால் இதுதான்: பட்டறையில் போட்ட இரண்டும் இன்னும் சீராக இருக்கின்றன, செருப்புக் கீறல் தவிர. நான் தேய்த்த முதல் பிளேட்டில் அடுத்த மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. எவர்சில்வரா துருப்பிடிக்கும் என்று குழம்பினேன். நடுவில் ஒருமுறை இரும்பு நாரால் தேய்த்தது நினைவுக்கு வந்தது. அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு, துருப்பிடித்தது அவைதான். எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து, அதில் நனைத்த துணியை அரை மணி நேரம் போர்த்தி வைத்துக் கழுவினேன். மறைந்துவிட்டது. எவர்சில்வரில் இருக்கும் குரோமியம் காற்றுப் பட்டதும் தானாகவே மெல்லிய காப்புப் படலம் போட்டுக்கொள்ளும், இரும்புத் தூள் நடுவில் வராமல் இருந்தால் சரி.

நான்காவது பிளேட்டில் கடைப்பெயர் அப்படியே இருக்கிறது. பின்பக்க இடது கதவு, அம்மா உட்காரும் பக்கம். பாலிஷ் போட்ட பிளேட்டில் கால் வழுக்குகிறதாம், அந்த எழுத்தை விட்டுவிடு என்கிறார்.