ஸ்டேட்டிக் ஐபி சாதனத்தைத் தேட: ரவுட்டர் பட்டியல், பிங், ஆர்ப் எது கைகொடுக்கும்?

கன்னியாகுமரி லாட்ஜ், மார்த்தாண்டம் ஜவுளிக்கடை, முந்திரி ஆலை என எங்கே போனாலும் கதை ஒன்றுதான். கேமராவும் பில் பிரின்டரும் மாட்டியவர் ஸ்டேட்டிக் ஐபி (சாதனத்திலேயே கையால் பதியும் மாறாத முகவரி) கொடுத்துவிட்டு, அதை எங்கும் எழுதி வைக்காமல் போயிருப்பார்.

பலரும் முதலில் திறப்பது ரவுட்டரின் டிஎச்சிபி (தானாக முகவரி கொடுக்கும் முறை) பட்டியலை. ரவுட்டர் தானே கொடுத்த முகவரிகள் மட்டும்தான் அதில் இருக்கும். ஸ்டேட்டிக் ஐபி வைத்த சாதனம் ரவுட்டரிடம் முகவரி கேட்பதே இல்லை, அப்புறம் அதில் எப்படி வரும்? ஆனாலும் கழித்துப் பார்க்க இது உதவும். கீழே சொல்லும் ஸ்கேனில் கிடைத்து, இந்தப் பட்டியலில் இல்லாதவை பெரும்பாலும் ஸ்டேட்டிக்தான்.

அடுத்தது பிங், அதாவது ஒரு முகவரியில் சாதனம் இருக்கிறதா என்று கேட்கும் கட்டளை. 192.168.1.1 முதல் 254 வரை வரிசையாகக் கேட்கலாம். ஆனால் விண்டோஸ் ஃபயர்வால் பல நேரம் பிங்குக்குப் பதில் சொல்ல விடாது. பதில் வராததால் சாதனமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

என் ஓட்டு ஆர்ப்புக்குத்தான்; ஒரு ஐபி யாருடையது என்று கேட்டு, அந்தச் சாதனத்தின் மேக் அட்ரஸை (வன்பொருள் முகவரி) வாங்கும் முறை அது. ஒரே நெட்வொர்க்கில் ஐபிவி4 பேச வேண்டுமென்றால் ஆர்ப் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். பிங்கைத் தடுத்த கணினியும் இதற்கு வாய் திறக்கும். எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாத கடையில், எல்லா முகவரிக்கும் பிங் அனுப்பிவிட்டு உடனே கமாண்ட் ப்ராம்ப்டில் ‘ஆர்ப் -ஏ’ (arp -a) கொடுங்கள். பிங்குக்கு மௌனமாக இருந்தவையும் அதில் மேக் அட்ரஸோடு நிற்கும். ஒரு எச்சரிக்கை: அந்தப் பட்டியலின் கடைசி நெடுவரிசையில் ‘ஸ்டேட்டிக்’ என்று காட்டுவது அந்த ஆர்ப் பதிவின் வகையைத்தான், சாதனத்தின் ஐபியை அல்ல. வசதி இருந்தால் என்மேப் என்ற ஸ்கேன் மென்பொருளை அட்மின் உரிமையோடு ஓட்டுங்கள்; உள் நெட்வொர்க்கில் அதுவும் ஆர்ப் வழியாகவே தேடும். லினக்ஸில் ஆர்ப்-ஸ்கேன் போதும். மேக் அட்ரஸின் முதல் 3 பைட்டுகளை வைத்துத் தயாரிப்பாளர் பெயரையும் இரண்டும் சொல்லிவிடும். கேமரா எது, பிரின்டர் எது என்று அதிலேயே பாதி புரியும்.

ஃபிங் போன்ற மொபைல் ஆப் அவசரத்துக்குச் சரி. ஆனால் புதிய ஆண்ட்ராய்டும் ஐபோனும் மேக் அட்ரஸை ஆப்புகளுக்குத் தருவதில்லை.

குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் ஸ்கேனுக்கு முன்னால் ஸ்விட்ச் லைட்டைப் பாருங்கள். உப்புக்காற்றில் கேபிள் முனை அரித்துப்போயிருந்தால் எந்தக் கருவியாலும் பயனில்லை.

ஆர்ப் தோற்கும் இடம் ஒன்று உண்டு. கடை 192.168.1 வரிசையில் இருக்க, கேமரா 192.168.0 வரிசையில் இருந்தால் வழக்கமான ஸ்கேனில் சிக்காது. ஹிக்விஷன் கேமராவானால் அவர்களின் எஸ்ஏடிபி கருவி வரிசை மாறினாலும் காட்டிவிடும். மற்றவற்றுக்கு, கேபிளில் ஓடும் தகவலைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள்தான். சாதனத்தை லேப்டாப்போடு நேரடியாகக் கேபிளில் இணைத்து, வயர்ஷார்க்கை ஓடவிட்டு, சாதனத்தின் கரண்டை அணைத்துப் போடுங்கள். விழித்ததும் அது பெரும்பாலும் கேட்வேயை (வெளியே போகும் வழியான ரவுட்டரை) தேடி ஆர்ப் அனுப்பும். அனுப்புநர் இடத்தில் அதன் ஐபி இருக்கும். லேப்டாப்புக்கு அதே வரிசையில் வேறொரு முகவரி கொடுத்து, பிரவுசரில் அந்த ஐபியைத் திறந்தால் பெரும்பாலும் லாகின் பக்கம் வந்துவிடும்.