நாலு பொத்தான் காப்பி ரிமோட்: எந்த கராஜ் கதவுக்கு ஆகும்?

டர்பனில் சாவி வெட்டும் கடைகளிலும் ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கிற குரோம் பூசிய நாலு பொத்தான் ரிமோட் இது. எந்த ரிமோட்டையும் காப்பி எடுக்கும் என்று சொல்லி விற்பார்கள். அது சரியல்ல. 433.92 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், குறியீடு மாறாத ரிமோட்டுக்குத்தான் இது நல்ல மாற்று. தென்னாப்பிரிக்காவில் பழைய மோட்டார்கள் பலவும் 403 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன, அவற்றுக்கு ஆகாது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் கோட் ஹாப்பிங் வகைக்கும் ஆகாது.

வாங்குமுன் அசல் ரிமோட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். அலைவரிசை எண் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். உள்ளே வெள்ளைக் குமிழ்கள் வரிசையாக உள்ள டிப் சுவிட்ச் இருந்தால், குறியீடு மாறாத வகை.

இன்னொன்று: செத்துப்போன ரிமோட்டிலிருந்து காப்பி எடுக்க முடியாது. அசலை உயிர்ப்பித்த பிறகே இதற்கு வேலை. உயிர்ப்பித்துவிட்டால் பாதிப் பேருக்குப் புதிது வாங்கும் தேவையே இருக்காது.

அசலை உயிர்ப்பிக்க, முதலில் சுவரிலுள்ள பொத்தானை அழுத்துங்கள். அதற்கும் கதவு அசையாவிட்டால் பழுது ரிமோட்டில் இல்லை. லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) நேரமென்றால் மோட்டாரின் 12 வோல்ட் பேக்கப் பேட்டரியைப் பாருங்கள். சுவர்ப் பொத்தான் வேலை செய்து, எல்லா ரிமோட்டும் ஒன்றாக நின்றுவிட்டால் ரிமோட்டுகளை எல்லாம் தடுத்து வைக்கும் ஹாலிடே லாக் போட்டிருக்கலாம். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரின் ஆன்டெனா கம்பி அறுந்திருக்கலாம். கராஜில் புதிதாக மாட்டிய மலிவு எல்இடி பல்பு இரைச்சல் கிளப்பலாம். பல்பை அணைத்துவிட்டு அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ரிமோட்டில் திறந்து, மூடமட்டும் மறுத்தால், கதவு வழியில் தடை இருக்கிறதா என்று பார்க்கும் ஒளிக்கதிர் சென்சாரின் (பீம்) கண்ணாடியைத் துடையுங்கள்.

ஒரே ஒரு ரிமோட் நின்றால் பேட்டரிதான் முதல் சந்தேகம். சிவப்பு விளக்கு எரிவதை நம்ப வேண்டாம். விளக்கு எரியப் போதுமான மின்சாரம் சிக்னலை கதவு வரை தள்ளப் போதாது. பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மீட்டரில் அளவெடுங்கள். காசு வடிவப் பேட்டரியான சிஆர்2032 புதிதாக இருந்தால் மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், சிறு உருளை வடிவ 23ஏ பன்னிரண்டுக்கு மேல். அழுத்தும்போது அளவு சட்டென்று இறங்கினால் மாற்றிவிடுங்கள். சிஆர்2016-ஐ 2032-க்குப் பதிலாகப் போடாதீர்கள்: வோல்ட் ஒன்றுதான், ஆனால் பாதித் தடிமன் என்பதால் தகட்டில் சரியாகப் படாது. கடலோரக் காற்றில் பேட்டரித் தகடு களிம்பேறுவது இங்கே வழக்கம். 23ஏ கசிந்த வெள்ளைப் பொருக்கை வினிகர் தொட்ட பஞ்சால் எடுத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மூடுங்கள்.

கோட் ஹாப்பிங் ரிமோட்டைக் குழந்தைகள் எங்கோ வைத்து விளையாடியிருந்தால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் கூடும் அதன் எண்ணிக்கை ரிசீவரிலுள்ளதை விட முன்னே ஓடியிருக்கும். கோட் ஹாப்பிங் வகைகளில் ஒன்றான கீலாக் முறையில் 16 அழுத்தல் வரை பிரச்சினையில்லை. அதைத் தாண்டினால் கதவுக்கு முன் நின்று அடுத்தடுத்து இருமுறை அழுத்துங்கள், பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். பேட்டரி மாற்றுவதால் குறியீடு அழியாது.

இனி காப்பி எடுக்கும் வேலை. மாடலுக்கு மாடல் சிறு வேறுபாடு உண்டு, அட்டையைப் படித்துவிடுங்கள். பெரும்பாலானவற்றில் மேலிரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்த, விளக்கு மூன்று முறை மின்னும். ஒன்றை விடாமல் பிடித்தபடி மற்றதை மூன்று முறை தட்டினால் பழைய குறியீடு அழியும். பிறகு இரண்டு ரிமோட்டையும் ஒட்டி வைத்து, இரண்டிலும் வேண்டிய பொத்தானை ஒருசேர அழுத்திப் பிடியுங்கள். புதிதில் விளக்கு வேகமாக மின்னினால் முடிந்தது. பிடிக்காவிட்டால் தலைகீழாகத் திருப்பி வைத்து மீண்டும் முயலுங்கள்.

இந்த ரிமோட்டில் பல மாடல்களுக்கு 27ஏ பேட்டரிதான். கடைக்காரர் 23ஏ கொடுத்தால் வாங்காதீர்கள், அது தடித்தது, நுழையாது. பொத்தான்களை மறைக்கும் நழுவு மூடி நல்ல யோசனை. பையில் கிடந்து தானாக அழுந்துவதைத் தடுக்கிறது.

ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் நமக்கு இது உறுத்துகிறது. உங்களுக்குச் சில நொடியில் காப்பி எடுப்பது அடுத்தவருக்கும் எடுக்கும். வேலைக்கு வந்தவரிடமோ கார் கழுவுமிடத்திலோ சாவியோடு ரிமோட்டையும் கொடுக்கும் வீடுகள், குறியீடு மாறாத ரிசீவரை எடுத்துவிட்டு கோட் ஹாப்பிங் ரிசீவருக்கு மாறுவதே நல்லது. அதற்குரிய ரிமோட்டை வாங்கி, ரிசீவரின் லேர்ன் பொத்தானை அழுத்தி, உடனே ரிமோட்டை அழுத்தினால் பதிந்துவிடும். ஒரு ரிமோட் தொலைந்தால் ரிசீவரின் நினைவகம் முழுவதையும் அழித்து, கையிலிருப்பவற்றை மட்டும் மறுபடி பதியுங்கள்.