பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11ஆ, லினக்ஸ் மின்டா?

என் லேப்டாப் 2016இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், நடுவில் எஸ்எஸ்டி போட்டதிலிருந்து வேகத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் விண்டோஸ் 11 இன்ஸ்டாலர் அதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது.

சரி, இன்ஸ்டால் செய்வதற்கான யூஎஸ்பியைத் தயாரிக்கும் ரூஃபஸ் என்ற மென்பொருள் இருக்கவே இருக்கிறது. விண்டோஸ் 11இன் இன்ஸ்டால் கோப்பான ஐஎஸ்ஓவைக் கொடுத்து ஸ்டார்ட்டை அழுத்தியதும் ஒரு சின்னப் பெட்டி வரும், அதில் டிபிஎம், செக்யூர் பூட் (நம்பகமில்லாத மென்பொருளைக் கணினி தொடங்கும்போதே தடுக்கும் வசதி), ராம் நிபந்தனைகளை நீக்கும் வரியில் டிக் போட்டால் போதும், அப்புறம் இன்ஸ்டாலர் வாயே திறக்காது. அரை மணி நேரத்தில் டெஸ்க்டாப் வந்துவிட்டது. வைஃபை, டச்பேட், சவுண்டு எல்லாம் தானாகவே வேலை செய்தன. இவ்வளவுதானா என்று தோன்றும்.

இவ்வளவுதான் இல்லை. மாதாந்திர பாதுகாப்பு அப்டேட் எனக்கு ஒழுங்காகத்தான் வருகிறது, ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு இப்படிப் போட்ட கணினிகளுக்குத் தானாக வருவதில்லை. ஹோம் எடிஷனில் ஒரு பதிப்பின் ஆயுள் 24 மாதம். அதற்குள் மறுபடி யூஎஸ்பி, மறுபடி ரூஃபஸ். இதை நமக்கு நாமே செய்துகொள்ளலாம், வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் லேப்டாப்பில் செய்துவைத்தால் இரண்டு வருடம் கழித்து யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? இன்னொன்று, கோர் 2 டுயோ காலத்து மெஷின் என்றால் இந்த ஆசையே வேண்டாம். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து பிராசசரில் எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் இருந்தே ஆக வேண்டும், அதை எந்த டிக்காலும் தாண்ட முடியாது.

லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தில் கதை தலைகீழ். முதல் நாள்தான் தலைவலி. என் மெஷினில் பிராட்காம் வைஃபை கார்டு, அதற்கு டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். போனை யூஎஸ்பியில் செருகி, அதன் இணையத்தை லேப்டாப்புக்குத் தரும் டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரில் டிரைவரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தேன். செக்யூர் பூட் ஆனில் இருந்ததால் திடீரென்று நீலத்திரை ஒன்று எட்டிப்பார்த்தது, என்னவென்று படிப்பதற்குள் போயும்விட்டது. டிரைவருக்கான டிஜிட்டல் சாவியை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் திரையாம் அது! தவறவிட்டதால் டிரைவர் ஏறவில்லை, எல்லாம் முதலிலிருந்து.

அந்த ஒரு மாலை போனதோடு சரி. மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு, என் லேப்டாப்பின் வயதை அது கேட்டதே இல்லை. தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, லேஅவுட் பட்டியலில் சேர்த்தால் போதும். இழப்பு என்றால் எம்எஸ் ஆபீஸ். லிப்ரேஆபீஸ் என் வேலைக்குப் போதும், ஆனால் மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்புகளோடு மல்லுக்கட்டுபவர்கள் மின்ட் பக்கம் வராமல் இருப்பதே நல்லது.

கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் இயங்குதளத்தையும் போட்டுப் பார்த்தேன், பிரவுசர் மட்டும் போதும் என்பவர்களுக்குச் சரி, பிளே ஸ்டோர் கிடையாது. விண்டோஸ் 10இலேயே இருந்து, வீட்டுப் பயனர்களுக்கான பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்வது 2026 அக்டோபர் 13 வரைக்குமான வாய்தா, அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

என் ஓட்டு மின்டுக்கு. ஆனால் எஸ்எஸ்டியைத் துடைப்பதற்கு முன் யூஎஸ்பியிலிருந்தே அதை ஓட்டிப் பாருங்கள். பாட்டு ஒன்றைப் போடுங்கள், பிரைட்னஸ் பட்டனை அழுத்துங்கள், கேமராவைத் திறங்கள், கடைசியாக மூடியைச் சாத்தி இரண்டு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். மற்றதெல்லாம் தேறிவிட்டு இந்த மூடி விஷயத்தில் மட்டும் கருப்புத் திரையோடு மாட்டிக்கொள்ளும் லேப்டாப்புகள் உண்டு.